வெடிக்காத கொழுக்கட்டை: மா வறுப்பதிலிருந்து அவித்து இறக்குவது வரை, யாழ்ப்பாண முறையில்

யாழ்ப்பாணத்தில் கொழுக்கட்டை அவிக்காத வீட்டைத் தேடிப் பிடிப்பது கஷ்டம். ஆனால் அவிக்கிற எல்லாமே வெடிக்காமல் வருகிறதா என்றால், அதுவும் இல்லை. வெடித்துவிட்டால் பழி எப்போதும் பிடித்தவரின் கைக்குத்தான். "விளிம்பை வடிவா நுள்ளேல்லை" என்று பெரியவர்கள் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். என்னைக் கேட்டால், கைக்கு அதில் பங்கு கொஞ்சம்தான். மா எவ்வளவு வறுபட்டது, தண்ணீர் எந்தக் கொதியில் மாவில் விழுந்தது, உள்ளீட்டில் எவ்வளவு ஈரம் மிச்சம் நின்றது, இந்த மூன்றும் சரியென்றால் முதல்முதலாகப் பிடிக்கிற பிள்ளையின் கோணல் கொழுக்கட்டைகூட முழுசாக வெந்து வரும். அதனால் இங்கே பிடிக்கிற கலையைவிட அதற்கு முந்திய வேலைகளுக்கே அதிகம் இடம் கொடுத்திருக்கிறேன்.

எங்கள் ஊரில் இது முக்கியமாக ஆடிப்பிறப்புப் பலகாரம். ஆடி முதலாந்தேதி, அதாவது ஜூலை 16 அல்லது 17, கூழும் கொழுக்கட்டையும் இல்லாமல் போகாது. ஆவணிச் சதுர்த்திக்கும், கார்த்திகைப் பூரணைக்கு அடுத்த நாள் தொடங்கி 21 நாள் பிடிக்கிற பிள்ளையார் கதை விரதத்துக்கும் மோதகம் வேண்டும். குழந்தைக்குப் பல் முளைத்தால் பல்லுக்கொழுக்கட்டை. மா ஒன்று, உள்ளீடு ஒன்று. அரைச் சந்திர வடிவில் மடித்து விளிம்பு நுள்ளினால் கொழுக்கட்டை, உருண்டையாகக் கூட்டி மேலே குடுமி வைத்தால் மோதகம்.

தேவையானவை

கீழே உள்ள அளவுக்கு நடுத்தர அளவில் 25 முதல் 30 வரை வரும்.

- வறுத்த பச்சரிசிமா: 400 கிராம்
- கொதிநீர்: 400 முதல் 450 மில்லிலீற்றர்
- முழுப் பயறு (பாசிப்பயறு): 150 கிராம் (உடைத்துத் தோல் நீக்கியது கிடைத்தால் 130 கிராம் போதும்)
- பனங்கட்டி அல்லது சர்க்கரை (வெல்லம், சீனி அல்ல): 150 கிராம், இனிப்புப் பிரியர்களுக்கு 175
- தேங்காய்: பாதி, திருவியது
- ஏலக்காய்: 4 அல்லது 5
- உப்பு: மாவுக்கு அரைத் தேக்கரண்டி
- நல்லெண்ணெய் அல்லது தேங்காய் எண்ணெய்: ஒரு தேக்கரண்டி
- வாழையிலைத் துண்டுகள்

மா: பாதி வேலை இங்கேதான்

கடையில் வறுத்த மா பைக்கற்றில் கிடைக்கிறது; ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருப்பவர்களுக்கு அதுதான் கதி. அதை வாங்கினாலும் ஒருமுறை தாச்சியில் இட்டு, சிறு நெருப்பில் மூன்று நான்கு நிமிடம் சூடேற்றி, அரித்து எடுத்துப் பாவியுங்கள். பைக்கற்றில் கிடந்த மா காற்றின் ஈரத்தைக் குடித்திருக்கும். பைக்கற்றில் "வறுத்தது" என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். இடியப்பத்துக்கு விற்கும் மாவில் சிலது வறுத்தது, சிலது வறுக்காதது.

வீட்டில் செய்வதென்றால் பச்சரிசியைக் கழுவி மூன்று மணித்தியாலம் ஊறவிடுங்கள். வெள்ளைப் பச்சரிசியில் கொழுக்கட்டை பளிச்சென்று இருக்கும். மொட்டைக்கறுப்பன் போன்ற ஊர்ச் சிவப்பரிசியில் நிறம் மங்கல்தான், ஆனால் பனங்கட்டியோடு சேரும்போது வாசமும் ருசியும் அதற்குத்தான் கூட. படைக்கிற மோதகத்துக்கு வெள்ளை, வீட்டில் சாப்பிடுகிற கொழுக்கட்டைக்குச் சிவப்பு என்று பிரித்துக்கொள்ளலாம்.

ஊறிய அரிசியை வடித்து, சுளகில் பரப்பி, மேல் ஈரம் போகும்வரை நிழலில் விடுங்கள். கையில் அள்ளினால் ஒட்டாமல் உதிர வேண்டும். கிள்ளினால் உடைய வேண்டும். பிறகு உரலில் இடிக்கலாம், மில்லில் கொடுக்கலாம், கொஞ்சமென்றால் கிரைண்டரிலேயே அடிக்கலாம். எதில் என்றாலும் அரிதட்டில் அரித்து, மேலே நிற்கிற கப்பியைத் திரும்ப இடித்துச் சேர்க்க வேண்டும். கப்பி கலந்த மா குழையும்போது தெரியாது. பிடிக்கும்போது மெல்லிய இடத்தில் அந்தக் குறுணி வந்து நின்று கீறல் போடும்.

இனி வறுப்பு. அடி கனத்த தாச்சியை நடுத்தர நெருப்பில் வைத்து, அரைக் கிலோவுக்கு மேல் ஒரேயடியாகக் கொட்டாமல் வறுங்கள். முதலில் மா கனமாக, கட்டிகட்டியாகப் புரளும், ஆவி எழும்பும். அகப்பை ஓயக்கூடாது, அடியைச் சுரண்டிச் சுரண்டிப் புரட்ட வேண்டும். பத்து நிமிடம் கழிய அகப்பைக்குப் பாரம் குறைந்துவிடும். ஆவி அடங்கும்போது மா தாச்சியின் ஓரத்திலிருந்து தானாகச் சரிந்து நடுவுக்கு வரும். அப்போது ஒரு சிட்டிகை எடுத்துக் கோலம் இழுப்பதுபோல் தரையில் விட்டுப் பாருங்கள். கோடு அறாமல் விழுந்தால் இறக்க வேண்டிய நேரம். நிறம் மாறும்வரை பார்த்திருக்கக் கூடாது. சிவந்த மா தண்ணீரை அளவுக்கு மீறிக் குடிக்கும், பசைப்பிடிப்பும் குறைந்துபோகும். அதில் பிடித்தது காய்ந்து வெடிக்கும். தாச்சியிலேயே விட்டுவிட்டால் அடிச்சூட்டில் சிவந்துவிடும் என்பதால், இறக்கிய கையோடு சுளகில் கொட்டி ஆறவிட்டு, இன்னொருமுறை அரித்துவிடுங்கள். நன்றாக ஆறிய மா காற்றுப் புகாத பேணியில் மாதக்கணக்கில் கெடாமல் கிடக்கும்.

அவித்த கோதுமை மாவைக் கலப்பவர்கள் எங்கள் பக்கம் நிறையப் பேர். நாலில் ஒரு பங்கு சேர்த்தால் தோல் ஆறிய பிறகும் மெத்தென்று இருக்கும், அது உண்மை. கலப்பதென்றால் கோதுமை மாவைத் துணியில் கட்டி அரை மணித்தியாலத்துக்குக் குறையாமல் ஆவியில் அவித்து, சூட்டோடு உடைத்து அரித்துச் சேர்க்க வேண்டும், பச்சையாகப் போடக்கூடாது. நான் அரிசிமா மட்டும் என்கிற கட்சி. சுடச்சுடச் சாப்பிடுகிற பலகாரத்துக்கு ஆறின பிறகு எப்படி இருக்கும் என்ற கவலை எதற்கு?

பயறு

முழுப் பயறை வெறுந் தாச்சியில் வாசம் வரும்வரை, அங்கங்கே இளஞ்சிவப்பு விழும்வரை வறுங்கள். ஆறியதும் திருகையில் இட்டு உடைக்கலாம். அது இல்லாதவர்கள் துணியில் பரப்பி அம்மிக் குழவியாலோ போத்தலாலோ உருட்டினால் போதும். பிறகு சுளகில் புடைத்தால் தோல் பறந்துவிடும். கடையில் வாங்குகிற உடைத்த பயறென்றால் வறுத்ததா என்று கேளுங்கள். வறுக்காத பருப்பு சீக்கிரம் களியாகிவிடும், வாசமும் இராது.

அவிக்கும்போது தண்ணீரை அளந்து விடுங்கள். இந்த அளவு பயறுக்கு ஏறக்குறைய 350 மில்லிலீற்றர் காணும். மூடி, சிறு நெருப்பில் அவித்து, ஒரு மணியை விரலிடை நசுக்கினால் மசிகிற, ஆனால் சட்டியில் மணிமணியாக நிற்கிற பதத்தில் நிறுத்துங்கள். தண்ணீர் மிஞ்சினால் வற்றட்டும் என்று விடாதீர்கள், வடியுங்கள். வற்றுகிற நேரத்தில் பயறு கரைந்துவிடும். பிரஷர் குக்கர் இதற்கு வேண்டாம். வடித்த பயறை ஒரு தட்டில் பரப்பி ஆவி போகவிடுங்கள்.

பனங்கட்டியா, சர்க்கரையா

பனங்கட்டிதான். ஓலைக் குட்டானில் வருகிறது கிடைத்தால் இன்னும் நல்லது. சுண்ணாம்பு தடவிய முட்டியில் இறக்கிய கருப்பநீரைக் காய்ச்சி எடுப்பதால் அதில் மெல்லிய உவர்ப்பு ஒன்று இருக்கும். பயறுக்கும் தேங்காய்க்கும் அது அவ்வளவு பொருத்தம். உள்ளீட்டுக்குத் தனியாக உப்புத் தேவைப்படாது. அடியில் மண்டி நிற்கும், சில வேளை ஓலைத் தும்பும் வரும், ஆகவே உருக்கி வடிக்காமல் போடவே கூடாது. சர்க்கரையில் செய்தாலும் முறை இதுதான். சீனி போட்டுச் செய்பவர்களும் இருக்கிறார்கள், இனிப்பைத் தவிர அதில் வேறு ஒன்றும் இல்லை.

சிலர் சர்க்கரையைச் சீவி, தேங்காய்ப்பூவோடும் பயறோடும் பச்சையாகப் பிசைந்து வைத்துவிடுவார்கள். சுலபம்தான். ஆனால் ஆவி பட்டவுடன் அது இளகி நீராகும், அந்த நீர் வெளியே வர வழி தேடும், விளிம்பைப் பிரித்துக்கொண்டு வந்தும்விடும்.

பனங்கட்டியை உடைத்து, நாலைந்து மேசைக்கரண்டி தண்ணீர் விட்டு உருக்கி, துணியில் வடித்து, மறுபடி அடுப்பில் வையுங்கள். நுரைத்துக் கொதித்துக் கொஞ்சம் இறுகியதும், குளிர்ந்த தண்ணீரில் ஒரு துளி விட்டுப் பாருங்கள். உடனே கரைந்து ஓடாமல் அடியில் தங்கினால் தேங்காய்ப்பூவைப் போடலாம். திருவலையில் திருவும்போது சிரட்டை தெரியும்வரை இழுத்துத் திருவாதீர்கள். அந்தக் கறுப்புப் பொடி வாயில் கரகரக்கும். தேங்காய்ப்பூ பாகில் இரண்டு மூன்று நிமிடம் புரண்டபின் பயறு, கடைசியில் பொடித்த ஏலக்காய். எல்லாம் திரண்டு தாச்சியின் பக்கத்தை விட்டு விலகி வரும்போது இறக்குங்கள்.

ஈரம் சரியா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. ஆறிய உள்ளீட்டில் ஒரு சிறு உருண்டை பிடித்து, காகிதத் துண்டொன்றில் ஐந்து நிமிடம் வையுங்கள். எடுக்கும்போது கீழே ஈர வட்டம் விழுந்திருந்தால் இன்னும் கொஞ்சம் கிண்ட வேண்டும். தேங்காயின் எண்ணெய் மினுக்கம் மட்டும் என்றால் பரவாயில்லை. உருண்டையே நிற்காமல் உதிர்ந்தால் கிண்டியது கூடிப்போயிற்று; ஒரு கரண்டி சுடுதண்ணீர் தெளித்துப் பிசைந்தால் திரும்பிவிடும். உள்ளீடு முழுக்க ஆறிய பிறகே மா குழைக்கத் தொடங்குங்கள். மா காத்திருக்காது, உள்ளீடு எவ்வளவு நேரமும் காத்திருக்கும்.

குழைத்தல்

கோதுமை மாவை இழுத்தால் நீள்வதற்கு அதிலுள்ள குளூட்டன் காரணம். அரிசியில் அது இல்லை. அரிசிமாவைச் சேர்த்துப் பிடிப்பது சூட்டில் வீங்கிப் பசையாகிற மாப்பொருள்தான், அதற்கு எழுபது பாகை செல்சியஸ் அளவிலாவது சூடு வேண்டும். பாத்திரத்தில் கிடக்கிற மா குளிர்ந்தது. தண்ணீர் விழுந்தவுடன் சூடு இறங்கும். கேத்திலில் கொதித்து இரண்டு நிமிடம் ஆறிய தண்ணீரை விட்டால் மாவில் பாதி பசையாகாமலே நின்றுவிடும். எவ்வளவு பிசைந்தாலும் பிறகு அது சரிவராது. ஆகவே தண்ணீர் அடுப்பில் தளதளவென்று கொதித்துக்கொண்டிருக்கும்போதே எடுத்து ஊற்ற வேண்டும்.

அகலமான பாத்திரத்தில் மாவைப் போட்டு நடுவில் குழி செய்யுங்கள். கொதிக்கிற தண்ணீரில் உப்பையும் எண்ணெயையும் சேர்த்து, முக்கால் பங்கை ஒரேயடியாக ஊற்றி, அகப்பைக் காம்பால் வேகமாகக் கிண்டுங்கள். கரண்டியின் அகலப் பக்கத்தால் கிண்டினால் மா அதில் அப்பிக்கொள்ளும், காம்பு நன்றாக உள்ளே இறங்கும். உலர்ந்த மா எங்கே தெரிகிறதோ அந்த இடத்தில் மட்டும் மீதித் தண்ணீரைக் கொஞ்சங் கொஞ்சமாக விடுங்கள். ஒவ்வொரு மாவும் ஒவ்வொரு அளவு குடிக்கும், நான் தந்த கணக்கில் ஐம்பது மில்லிலீற்றர் கூடிக் குறையலாம். பிறகு மூடி ஐந்து நிமிடம் விடுங்கள்.

கை தாங்குகிற சூடு வந்ததும் உள்ளங்கையில் எண்ணெய் பூசி, அடித்து அழுத்திப் பிசையுங்கள். சூடு இருக்கும்போதே பிசைய வேண்டும். மேல்பக்கம் வழுவழுப்பாக வந்ததும் ஒரு சிறு உருண்டையைத் தட்டையாக அழுத்துங்கள். ஓரம் சுற்றிவரக் கீறினால் கையைச் சுடுதண்ணீரில் நனைத்து இன்னும் பிசைய வேண்டும். உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டு வந்தால் ஒரு பிடி வறுத்த மா சேருங்கள். கீறாமலும் ஒட்டாமலும் விரிந்தால் சரி. ஈரத் துணியால் மூடி வைத்து, பிடிக்கப் பிடிக்க அவ்வளவு அவ்வளவாக எடுங்கள்.

பிடித்தல்

தேசிக்காய் (எலுமிச்சை) அளவு உருண்டை எடுத்து, எண்ணெய் தொட்ட உள்ளங்கையில் வைத்துத் தட்டுங்கள். நடுப்பகுதி கொஞ்சம் தடிப்பாகவும் ஓரம் மெல்லியதாகவும் இருக்கட்டும். மடிக்கும்போது ஓரம் இரட்டிப்பாகும். உள்ளீடு ஒரு மேசைக்கரண்டிக்குக் குறைவாகத்தான். ஓரத்தில் விரலகலம் வெறுமையாக விட்டு மடித்து, இரண்டு ஓரத்தையும் சேர்த்து அழுத்துங்கள். முதலில் நடுவை, பிறகு இரண்டு பக்கமும். இப்படி அழுத்தினால் உள்ளே நிற்கிற காற்று முனைகளால் வெளியே போய்விடும். காற்று அடைபட்டால் சூட்டில் விரிந்து மெல்லிய இடத்தைப் பிளக்கும்.

விளிம்பு நுள்ளுவதைப் பார்த்துப் பழகுவதுதான் சுகம், ஆனாலும் சொல்கிறேன். கொழுக்கட்டையை இடது கையில் கிடத்தி, வலது கைப் பெருவிரலும் சுட்டுவிரலும் விளிம்பின் ஒரு முனையைச் சிறிதளவு பிடிக்கட்டும். பிடித்த துண்டைப் பெருவிரல் தன் பக்கம் மடித்து அமர்த்தும். மடிந்த இடத்தின் பாதியைப் பிடித்தபடி அடுத்த துண்டை மடியுங்கள். ஒன்றின்மேல் ஒன்று ஏறி மறுமுனை வரை போனால் விளிம்பு கயிறு திரித்த மாதிரி நிற்கும். பார்வைக்கு அழகு, அதோடு இரண்டு பூட்டு. விளிம்பில் பாகு பட்டுவிட்டால் எந்த மடிப்பும் நிற்காது, துடைத்துவிட்டு ஒட்டுங்கள்.

மோதகத்துக்கு உருண்டையில் பெருவிரலால் குழி செய்து, சுற்றிச் சுற்றிக் கிண்ணம் போல உயர்த்தி, உள்ளீடு வைத்து, ஓரத்தை மேலே கூட்டிக் குடுமி திருகினால் போதும். அச்சு வைத்துச் செய்கிறவர்கள் அச்சுக்கு எண்ணெய் பூச மறக்க வேண்டாம். ஐம்பது அறுபது மோதகம் வேண்டுமென்றால் அச்சு நல்ல துணை.

அவித்தல்

நீத்துப்பெட்டி வைத்திருப்பவர்கள் அதிலேயே அவியுங்கள். பனையோலை பின்னலுக்குள்ளால் ஆவி எல்லாப் பக்கமும் போகும், மிஞ்சின ஈரத்தை ஓலை வாங்கிக்கொள்ளும், வாசமும் சேரும். கூம்பு வடிவம் என்பதால் ஒரு முறைக்கு அதிகம் கொள்ளாது. ஒன்றையொன்று நெரிக்காமல் அடுக்க வேண்டும். இடியப்பத் தட்டு, இட்லிச் சட்டி, ஸ்ரீமர் எதுவும் சரிதான். தட்டில் வாழையிலை போட்டு எண்ணெய் தொட்டு அடுக்குங்கள்.

தண்ணீர் நன்றாகக் கொதித்து ஆவி மேலே வந்த பிறகே கொழுக்கட்டையை வைக்க வேண்டும். உலோக மூடியென்றால் உட்பக்கம் ஒரு துணி கட்டுங்கள். மூடியிலிருந்து சொட்டுகிற தண்ணீர் தோலைக் கரைத்துப் பிசுபிசுக்க வைக்கும். 12 முதல் 15 நிமிடம் போதும். தோல் மினுக்கமாகி, ஈர விரலால் தொட்டால் ஒட்டாமல் இருந்தால் வெந்துவிட்டது. அதற்கு மேலும் விட்டால் ஆறும்போது இறுகும். நெருப்பை நிறுத்தி, மூடியைத் திறந்து, இரண்டு நிமிடம் விட்டு எடுங்கள். உடனே கை வைத்தால் அடி இலையோடு போய்விடும்.

முதலில் ஒன்றை மட்டும் பிடித்து அவித்துப் பாருங்கள். மற்றவற்றைத் திருத்த இன்னும் நேரம் இருக்கும். தோல் முழுக்க மெல்லிய கீறல்கள் ஓடினால் மாவில் தண்ணீர் காணாது, அல்லது விட்ட தண்ணீர் கொதி குறைந்தது. விளிம்பு மட்டும் வாய் பிளந்தால் உள்ளீடு கூடிவிட்டது, அல்லது ஈரம். தோல் நன்றாக இருந்தும் கடித்தால் மா மாவாக இருந்தால், தட்டியது தடிப்பு.

பல்லுக்கொழுக்கட்டை என்றால்

விளிம்பைச் சற்றுத் தடிப்பாக விடுங்கள். தேங்காய்ச் சொட்டை அரிசிப் பல் அளவுக்குச் சிறு துண்டுகளாக வெட்டி, அவிப்பதற்கு முன் விளிம்பில் வரிசையாகச் செருகுங்கள். குழந்தையின் தலைக்குமேல் கொட்டுவது என்பதால் அளவு சிறிதாக, உள்ளீடு குறைவாக, நன்றாக ஆறியதாக இருக்க வேண்டும். கொட்டுவதற்கு ஒரு பிடி தனியாகச் செய்து, வந்தவர்களுக்கு வழமையான அளவில் செய்வது நல்லது. கீழே விரித்த வெள்ளைத் துணியில் விழுந்ததை எடுக்கச் சின்னப் பிள்ளைகள் எப்படியும் அடிபடுவார்கள், அதற்கும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

மிச்சம்

மா மிஞ்சி உள்ளீடும் மிஞ்சினால் இரண்டையும் ஒன்றாகப் பிசைந்து, விரல் பதியப் பிடித்து அவித்துவிடலாம். உள்ளீடு மட்டும் மிஞ்சினால் உருட்டி, மாக்கரைசலில் தோய்த்துப் பொரியுங்கள், பின்னேரத் தேத்தண்ணிக்குச் சுசியம் தயார். அவித்த கொழுக்கட்டை எங்கள் வெக்கைக்கு அன்றைக்கு மட்டும்தான் தாங்கும். தேங்காய் சேர்ந்ததால் இரவு தாண்டினால் புளிக்கத் தொடங்கிவிடும். பிரிட்ஜில் வைத்தால் இரண்டு நாள் இருக்கும், ஆனால் கல்லாக இறுகியிருக்கும். மைக்ரோவேவில் வைக்காமல் ஐந்து நிமிடம் ஆவி காட்டுங்கள், தோல் திரும்பவும் இளகிவிடும்.